உப்பு ராச்சியத்து எல்லைக்கல்

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது நான் பனை ராச்சியத்தின் இளவரசி. அடுத்த வளவுக்காரி உப்பு ராச்சியத்தின் இளவரசி. அவளுக்கும் என் வயதுதான், இருவரும் ஒரே வகுப்பு. இரண்டு ராச்சியங்களும் ஒரு பள்ளிக் கொப்பிக்குள் இருந்தன. ஒரு அதிகாரம் நான் எழுதினால் அடுத்ததை அவள் எழுதுவாள். நெடுந்தீவில் வீட்டு வளவுகளைப் பிரிப்பது கடல் முருகைக்கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கிய வேலி. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவிலிருந்த வேலியில் ஒரு பொந்து இருந்தது. எழுதி முடித்த கொப்பியை அதற்குள் வைத்துவிடுவோம்.

கதை முழுக்க எல்லைச் சண்டை. எல்லையோரத்து ஊற்று யாருக்கு என்பதுதான் வழக்கு. வெளியில் மேய்ந்த மட்டக் குதிரைகளைப் பங்குபோட்டுக்கொண்டதால் இரண்டு பக்கமும் குதிரைப்படைக்குக் குறைவில்லை. நான் கோபக்காரி. தலை உருளாமல் என் அதிகாரம் முடியாது. அவள் எழுதினால் தூதர்கள் ஓலையோடு போவார்கள், வருவார்கள், பேசுவார்கள். எனக்கு அலுப்பாக இருக்கும்.

ஊற்று கற்பனை இல்லை. எங்கள் வளவின் பின்கோடியில், நாகதாளிப் பற்றைக்குள், நல்ல தண்ணீர் ஓடுவதாக நீரோட்டம் பார்க்கிறவர் சொல்லியிருந்தார். அப்பா அந்த இடத்தில் ஒரு முளையை அடித்துவிட்டுக் கொழும்புக்குக் கந்தோர் வேலைக்குத் திரும்பினார். அடுத்த லீவில் கிணறு வெட்டுவதாக இருந்தது. அதுவரை அம்மா குடத்தோடு ஒரு மைல் நடந்தாள். அடுத்த வளவு அம்மாவும் அவளோடுதான் நடந்தாள்.

நயினாதீவுத் தேருக்கு ஊரே வள்ளம் ஏறியது. நாங்களும் போனோம். உப்பு இளவரசிக்குக் காய்ச்சல் என்று அவள் வீட்டார் மட்டும் நின்றுவிட்டார்கள். அடுத்த நாள் பொந்தில் கொப்பி கிடந்தது.

"பனை நாட்டார் திருவிழாவுக்குப் போன பகலில் உப்பு நாட்டு அரசன் எல்லைக் கற்களைக் கழற்றி ஆறு முழம் தள்ளி அடுக்கினான். மழையில் கறுத்த பக்கம் வெளியே தெரியவேண்டும் என்றான். உடைந்து வெள்ளை தெரிந்த கற்களுக்கு இளவரசி அடுப்புக்கரி பூசினாள். அவளுக்கு அது விருப்பமில்லை."

நல்ல திருட்டு அரசன் என்று ரசித்தேன். பதிலுக்கு இருநூறு குதிரைகளை அனுப்பிக் கொப்பியைத் திருப்பி வைத்தேன். அவள் ஒன்றும் எழுதாமலே அதைப் பொந்தில் திருப்பி வைத்தாள். கொப்பி என்னிடம் வந்து தங்கிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து அப்பா லீவில் வந்து பற்றையை வெட்டினார். முளையைக் காணவில்லை. கல்வேலி எங்கள் பக்கம் தள்ளி வந்து, ஊற்றிருந்த இடம் அவர்கள் வளவுக்குள் போயிருந்தது. அப்பா போய்க் கேட்டார்.

"இது எங்கடை அப்பு கட்டின வேலி," என்றார் அவளுடைய அப்பா. "கொழும்பிலை இருந்து உமக்கு உம்மடை எல்லையே மறந்துபோச்சு."

அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த முட்பற்றைக்குள் யாரும் போவதில்லை, அதனால் சாட்சி சொல்லவும் யாருமில்லை. அப்பா அன்று சாப்பிடவில்லை. நான் கொப்பியை எடுத்து அந்த அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். அது கதையில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

ஊர் வழக்குகளை விசாரிக்கும் விதானையார் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பினார். இடையில் ஐந்து நாள். கொப்பி அலுமாரிக்குள் என் உடுப்புகளுக்கு அடியில் இருந்தது. அப்பாவிடம் காட்ட ஒரு நிமிடம் போதும். நான் காட்டவில்லை. என் அப்பாவைச் சிரிப்புக்கு ஆளாக்கிய மனுசன் ஊர் முன்னால் தலைகுனியவேண்டும், அதை என் கண்ணால் பார்க்கவேண்டும். அதற்காகவே கொப்பியைச் சனிக்கிழமைக்கு வைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் எழுதினதை வாசிச்சனியோ?"

"ஓம்."

"பிறகு?"

"பிறகென்ன, சண்டைதான்," என்றேன்.

சனிக்கிழமை முப்பது பேராவது கூடியிருப்பார்கள். நான் கொப்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனேன். விதானையார் இரண்டு வளவின் காணி உறுதிகளையும் வாசித்து உதட்டைப் பிதுக்கினார்.

"அளவு தெளிவா இல்லை. நீர் சத்தியம் பண்ணுவீரோ?" என்று அவளுடைய அப்பாவைக் கேட்டார்.

"பண்ணுறன்."

அவர் தன் மகளைக் கூப்பிட்டு அவள் தலையில் வலக்கையை வைத்தார். பிள்ளையின் தலையில் கைவைத்துப் பொய்ச் சத்தியம் செய்தால் அந்தப் பிள்ளை தங்காது என்று நம்பும் ஊர் அது. நானும் நம்பினேன். இது இப்படி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. அவள் தன் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"என்ரை பிள்ளையாணை..."

"வேண்டாம்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். "எல்லாம் கொப்பியிலை இருக்கு!"

விதானையார் அந்த அதிகாரத்தை உரக்க வாசித்தார். அரசன், இளவரசி என்றபோது சிலர் சிரித்தார்கள். அடுப்புக்கரி என்றபோது சிரிப்பு நின்றது. அவர் சால்வைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வேலிக்குப் போய்க் கற்களைத் தேய்த்தார். ஐந்தாவது கல் வெள்ளையாக வந்தது. அவளுடைய அப்பாவின் கை இன்னும் அவள் தலையிலேயே இருந்தது. அவள்தான் அதைப் பிடித்து மெல்ல இறக்கினாள்.

வேலி பழைய இடத்துக்குப் போனது. கிணறும் வெட்டினோம், தண்ணீர் நன்றாக இருந்தது. அவளுடைய அப்பா வெளியில் தலைகாட்டுவதை விட்டுவிட்டார். ஒரு மாதத்துக்குள் அந்தக் குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு வன்னிக்குப் போக ஆயத்தமானது. போகிற அன்று காலை அவள் வேலியடிக்கு வந்தாள்.

"அடுத்த நாளே உனக்கு எழுதித் தந்தனான்," என்றாள். "நீ உங்கடை அப்பாவிட்டைக் காட்டியிருந்தால் அவர் எங்கடை அப்பாவோடை தனியக் கதைச்சிருப்பார். எனக்கு வாயாலை சொல்ல ஏலாமல்தான் எழுதினனான்."

"நான் கதையெண்டு நினைச்சன்."

முதல் தடவை வாசித்தபோது அது உண்மைதான்.

"அப்ப ஏன் சனிக்கிழமை அதைச் சட்டைக்குள்ளை வைச்சுக்கொண்டு வந்தனீ?" என்று அவள் கேட்டாள்.