மாவு உப்பும் நேரத்துச் செய்தி

என் அக்கா புருஷனுக்கு அவருடைய அப்பா அம்மா ஒரு நல்ல பெயர் வைத்திருந்தார்கள். தெருவில் யாருக்கும் அது தெரியாது. எல்லாருக்கும் அவர் ‘ஃபிளாஷ்’தான். டிவியில் சிவப்புப் பட்டை ஓடி முடிவதற்குள் அந்தச் செய்தி எங்கள் பேக்கரியிலிருந்து கிளம்பி, தையல் கடை, மருந்துக் கடை எல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்துவிடும். வரும்போது அதற்குக் கை கால் முளைத்து மீசையும் வளர்ந்திருக்கும். நான் அவரை மாமா என்று கூப்பிடுகிறேன். அவர் மாவு பிசைவார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு ரொட்டி வேனும் ஓட்டுவேன். அக்கா கல்லாவிலும் எங்கள் இருவர் தலையிலும் உட்கார்ந்திருப்பாள்.

அந்த மழைக்காலத்தில் ஆறு ஏற ஆரம்பித்தது. ஊரை இரண்டாக அறுத்துக்கொண்டு போகிற ஆறு அது. எங்கள் கடையும் பிரசவ ஆஸ்பத்திரியும் இக்கரையில் இருந்தன. அக்காவின் ஒரே மகள் நிறைமாத வயிற்றோடு அக்கரையில் இருந்தாள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. அவளோ அலுவலகக் கணக்கை முடித்துக் கொடுத்த பிறகுதான் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள், எங்கள் வீட்டுப் பிடிவாதம் வேறு எங்கே போகும்? நடுவில் இருந்தது ஒரே ஒரு பாலம். வெள்ளத்தில் அதை மூடுவதற்கு முன்னால் அவளை இக்கரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

அதற்குத்தான் மாமா செய்தி பார்க்க ஆரம்பித்தார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கை மாவில், ஒரு கை ஃபோனில். திரை முழுக்க மாவு அப்பி, அணையின் நீர்மட்டம் எது, அழுக்கு எது என்று தெரியாமல் சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். பாலத்தில் விரிசல் என்று ஒரு செய்தி வந்ததும் பிசைந்த கையோடு என்னை வண்டியில் ஏற்றி விரட்டினார். போய்ப் பார்த்தால் பாலத்தின் மேல் ஒரு தம்பதி குடை பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்து, பாலம் இடிந்து விழுகிற வீடியோ வந்தது. எந்த நாட்டுப் பாலமோ, எந்த வருடத்து வெள்ளமோ, மகளுக்கு ஃபோன் போட்டுக் கதறிவிட்டார்.

அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “அப்பா, பாலம் என் கண்ணு முன்னாடி நிக்குது. நீங்க சொல்ற கணக்குப்படி பார்த்தா அது தினமும் ரெண்டு தடவை விழணும்.”

அதற்கப்புறம் அவர் பெயரைத் திரையில் பார்த்தாலே அவள் ஃபோனை எடுப்பதில்லை. நாளைக்கு உண்மையாகவே பாலத்தை மூடினால், இந்த மனிதர் சொல்லி அவள் எப்படி நம்புவாள்?

இதற்கிடையில் உப்புக் கூத்து வேறு. மாவில் உப்பைப் போட்டுவிட்டு ஃபோனைப் பார்ப்பார். திரும்பி வந்ததும் போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வரும், மறுபடி போடுவார். ஒரு நாள் ரொட்டி மொத்தமும் வாயில் வைக்க முடியாதபடி ஆகிவிட்டது. மருந்துக் கடைக்காரர் கடித்த ரொட்டியோடு வந்து நின்றார். “என்ன ஃபிளாஷ், கடல் ஊருக்குள்ள வந்துடுச்சுன்னு நேத்து சொன்னீங்களே, அது இதுதானா?”

தெருவே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே வந்தாள்.

“ஏங்க, சேதி பார்க்காதீங்கன்னு நான் சொல்லல. பொண்ணு அக்கரையில கிடக்கா, தெரிஞ்சுதான் ஆகணும். ஆனா நீங்க பார்க்கறது சேதி இல்ல. ஊர்ல இருக்கறவன் பயத்தையெல்லாம் வாங்கி நம்ம வீட்டுல அடுக்கிட்டிருக்கீங்க.”

“அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?”

“மாவு மேல துணி போட்டு மூடி வைக்கறீங்களே, அது உப்பற வரைக்கும் உங்களுக்கு வேலை கிடையாது. அப்ப பாருங்க. துணியை எடுத்தா ஃபோன் என் கல்லாவுக்குள்ள வந்துடணும். ரேடியோவுல ஆத்துச் சேதி, பாலத்துக் காவலருக்கு ஒரு ஃபோன், இந்த ரெண்டும் போதும். அவ கிட்ட பேசினா சாப்பிட்டியான்னு மட்டும் கேளுங்க.”

பாலத்துக் காவலர் எங்கள் வாடிக்கையாளர், காலையில் பன் வாங்காமல் வேலைக்குப் போகமாட்டார். பாலத்தின் தூணில் இரண்டு கோடுகள் போட்டிருப்பதாக அவர்தான் சொன்னார். தண்ணீர் மஞ்சள் கோட்டைத் தொட்டால் லாரிகளை நிறுத்துவார்கள். சிவப்பைத் தொட்டால் கேட்டை மூடிவிடுவார்கள்.

முதல் நாள் மாமாவைப் பார்க்கவே பாவமாக இருந்தது. குட்டி போட்ட பூனையாக அடுப்புக்கும் கல்லாவுக்கும் நடந்தார். மாவு பிசைந்து முடிப்பதற்கு முன்பே துணியைத் தேடினார். உப்பிவிட்ட மாவை இன்னும் உப்பவில்லை என்று என்னிடம் சாதித்தார். “மாமா, அது பாத்திரத்தை விட்டே வெளிய வருது” என்றேன். முறைத்தார். தெருக்காரர்கள் வந்து “என்ன ஃபிளாஷ், புதுசா ஏதாவது?” என்று கேட்டால், “மஞ்சளுக்குக் கீழ இருக்கு” என்று மட்டும் சொன்னார். சப்பென்று இருந்ததோ என்னவோ, அவர்கள் போய்விட்டார்கள். ஆனால் இரண்டு மூன்று நாளில் மனிதர் முகம் தெளிந்துவிட்டது. ரொட்டி ரொட்டியாக வந்தது. மகளும் ஃபோனை எடுக்க ஆரம்பித்தாள்.

பிறகு மழை விட்டது. வெயில் பளிச்சென்று அடித்தது. ஆபத்து நீங்கியது, அணை பத்திரம், எல்லாருக்கும் அனுப்புங்கள் என்று தெரு முழுக்க ஃபோன்கள் கூவின. தையல்காரர் வாசலில் துணி காயப்போட்டார். எனக்கும் ‘அப்பாடா’ என்றிருந்தது, பொய் சொல்வானேன்.

மாமா வழக்கம்போல மாவை மூடிவிட்டுக் காவலருக்கு ஃபோன் போட்டார். ஸ்பீக்கரில் காவலர் குரல் இரைந்தது.

“மேல அணையைத் திறந்துட்டாங்க! மஞ்சளைத் தாண்டிடுச்சு. சாயங்காலத்துக்குள்ள சிவப்பு வந்துடும். மூடினா எப்ப திறப்பாங்கன்னு எனக்கே தெரியாது. பொண்ணைக் கூட்டிட்டு வர்றதுன்னா இப்பவே கிளம்புங்க!”

நான் மாமாவின் வாயைப் பார்த்தேன். இப்போது ஒரு கத்தல் வரும், தெரு இரண்டாகும் என்று காதைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் மகளைக் கூப்பிட்டார்.

“அம்மாடி, பாலத்தை இன்னைக்கு மூடறாங்க. நாங்க வண்டியில வர்றோம். பையை எடுத்துட்டுக் கீழ வந்து நில்லு.”

அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

நான் அடுப்பை அணைத்தேன், அக்கா ஷட்டரை இழுத்தாள், மாமா கை கழுவாமலே ஏறினார். பின்னால் சூடு ஆறாத பன் தட்டுகள் தடதடவென்று ஆட, வண்டியைப் பிய்த்துக்கொண்டு ஓட்டினேன். பாலத்தின் முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. காவலர் எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் வீசினார். “போங்க போங்க, உடனே திரும்பிடணும்!”

கீழே ஆறு செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. தூணில் தண்ணீர் மோதுகிற சத்தம் என் ஸ்டியரிங்கில் அதிர்ந்தது. அவள் இருப்பாளா, வருவாளா, மாடியிலிருந்துகொண்டு வெயில் அடிக்குதேப்பா என்று வாதம் செய்வாளா? அக்கா சீட்டின் விளிம்பைப் பிடித்த பிடியை விடவில்லை.

தெருமுனை திரும்பினேன். நின்றுகொண்டிருந்தாள்! ஒரு கையில் பை, ஒரு கையில் லேப்டாப், வீட்டைப் பூட்டிய சாவி பல்லில். எனக்கு வந்த சந்தோஷத்தில் ஹாரனை அழுத்தியவன் கையை எடுக்கவே இல்லை. அவளைத் தூக்காத குறையாக ஏற்றினோம்.

திரும்பும்போது தண்ணீர் அதற்குள் சிவப்பைத் தொட்டிருந்தது, கேட் பாதி இறங்கியிருந்தது. காவலர் அதைத் தோளால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, “வா வா வா!” என்று கத்தினார். குனிந்து நுழைவதைப்போல நான் தலையைக் குனிந்துகொண்டே ஓட்டினேன், வண்டிக்கு அதனால் என்ன லாபமோ தெரியாது. பின்னால் கேட் இறங்கி விழுந்த சத்தம் கேட்டது. இக்கரை! நாலு பேரும் ஒரே நேரத்தில் ஏதேதோ பேசினோம், யார் என்ன சொன்னோம் என்று யாருக்கும் தெரியாது.

மூச்சு வந்ததும் அக்கா மகளைப் பிடித்துக்கொண்டாள். “அத்தனை தடவை கூப்பிட்டப்ப அசையாதவ, வெயிலடிக்கற நாள்ல ஒரே ஃபோனுக்கு எப்படிடி கீழ வந்து நின்ன?”

“அப்பா இன்னைக்குக் கத்தவே இல்லம்மா. மெதுவா சொன்னாரு. அதான் எனக்கு நிஜமாவே பயம் வந்துடுச்சு, கிளம்பிட்டேன்.”

மாமா முன் சீட்டில் உட்கார்ந்து, மாவு காய்ந்த கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் கண் மறைத்தது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன்.

“அப்பா” என்றாள் அவள் பின்னாலிருந்து. “வலி ஆரம்பிச்சிடுச்சு. நானும் மெதுவாத்தான் சொல்றேன்.”

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி அவள் கையைப் பிடித்தார். “சரிம்மா” என்றார். கத்தியது அக்காதான். நான் வண்டியை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினேன்.