பொம்மை தடவிய இடம்

காற்றாலை வேலைக்கு வந்த ஜப்பான்காரர் ஒருவர் சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்தார். அவர் வீட்டில் நான் சமையல் வேலை பார்த்தேன். அவர் மனைவிக்குக் கொஞ்சம் தமிழ் வரும்.

மாசி மாதம் ஒரு நாள், இன்றைக்கு எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் நல்லா இருக்கணும் என்று கும்பிடுகிற பண்டிகை என்றார் அந்தம்மா. தெருப் பெண்களைக் கூட்டி வரச் சொன்னார். ஏழெட்டுப் பேர் போனோம். என்னைத் தவிர எல்லாரும் தறிக்குப் போகிறவர்கள். என் தங்கச்சியும் வந்தாள். கொலு மாதிரி படி கட்டி, சிவப்புத் துணி விரித்து, ராஜா ராணி பொம்மை வைத்திருந்தது. கலர் பொரி கொடுத்தார்.

பிறகு ஆளுக்கொரு காகிதப் பொம்மை கொடுத்தார். உடம்பில் எங்கே நோவோ, எங்கே பயமோ, அங்கே தடவித் தண்ணீரில் விட வேண்டும். நோவு அதோடு போய்விடும். அவர்கள் ஊரில் ஆற்றில் விடுவார்களாம். இங்கே ஆற்றுக்கு எங்கே போக. அண்டாவில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்.

முட்டியில் தடவினார்கள், இடுப்பில் தடவினார்கள். பக்கத்து வீட்டுக்காரி, "எனக்கு ஒண்ணு பத்தாது. ஒரு குயர் பேப்பர் வேணும்" என்றாள். சிரித்தோம். தங்கச்சி சிரிக்கவில்லை. முந்தானைக்குள் கையை விட்டு இடது மார்பில் தடவினாள். ரொம்ப நேரம் தடவினாள். நான் பார்த்துவிட்டேன்.

படியில் இருக்கிற பொம்மைகளை உடனே எடுத்து வைக்காவிட்டால் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்றும் அந்தம்மா சொன்னார். தங்கச்சி எழுந்து பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். அவள் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் பேசி முடித்திருந்தது. மற்றவர்கள் போன பிறகு, கூட அடுக்கிக்கொண்டே கேட்டேன்.

"ஏட்டி, எத்தனை நாளா இருக்கு?"

"கார்த்திகையில இருந்து. நெல்லிக்காய் தண்டி கட்டி. வலிக்கல."

"நாளைக்கே திருநவேலிக்குப் போவோம்."

"கல்யாணம் முடியட்டும்க்கா. இப்பத் தெரிஞ்சா, அம்மைக்கு இருக்கது மவளுக்கும் வரும்னு பொண்ணை வேண்டாம்னுருவாவ. நீ யார்ட்டயும் வாயத் தெறக்கக் கூடாது."

சரி என்றேன். அவள் வீட்டுக்காரரிடம்கூட நான் சொல்லவில்லை.

ஆவணி வரை தறிக்குப் போனாள். கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. பந்தியில் அவளால் சாம்பார் வாளியை இடது கையில் பிடிக்க முடியவில்லை. வாளியை நான் பிடித்தேன். அவள் ஊற்றினாள்.

மறுவாரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. எலும்பு வரைக்கும் போய்விட்டது என்றார். மாசியிலேயே வந்திருந்தால் என்று கேட்டேன். அவர் சீட்டு எழுதினார்.

வெளியே அவள் மகள் நின்றாள்.

"பெரியம்மா, ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?"

தெரியும் என்றேன்.

தங்கச்சி இப்போது படுக்கையில் கிடக்கிறாள். மகள் வந்திருந்து பார்க்கிறாள். காலையில் கஞ்சி காய்ச்சிக் கொண்டு போகிறேன். மகள் வாசலிலேயே தூக்குவாளியை வாங்கிக்கொள்கிறாள். உள்ளே வாங்க என்று சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.