முதல் மயிலா, இரண்டாவது மயிலா

பல் துலக்கி ஒரு டம்ளர் கட்டங்காப்பி குடித்து முடித்ததும் இந்த ஊரில் என் முதல் வேலை, பிறந்த பிள்ளைகளின் காதை மடக்கிப் பார்ப்பது. மடக்கி விட்டதும் டக்கென்று விரிந்தால் பிள்ளை நிறைமாசம். நமுத்த அப்பளமாட்டம் மடிந்து கிடந்து, யோசித்து யோசித்து விரிந்தால் குறைமாசம். பிறகு உள்ளங்காலைத் திருப்பி, ரேகை குதிகால் வரை ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். மலாவியில், ஸ்கேன் மெஷின் இல்லாத இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில், ஏழாயிரம்பண்ணைக்காரி ஒருத்தி நர்ஸ் உடுப்பு போட்டுக்கொண்டு காதும் காலும் பார்த்து வயது சொல்லிப் பிழைக்கிறாள் என்றால் ஊரில் நம்புவீர்களா?

எடை போட்டால் தெரியாதா என்பீர்கள். தெரியாது. இங்கே மலேரியா கர்ப்பத்துக்குள்ளேயே புகுந்து பிள்ளையின் சாப்பாட்டைப் பிடுங்கித் தின்றுவிடும். மாசம் நிறைந்த பிள்ளையும் எலிக்குஞ்சாட்டம் வரும். அவசரப்பட்டு வந்ததும் எலிக்குஞ்சாட்டம் வரும். முன்னதற்குப் பாலும் சூடும் போதும். பின்னது மூச்சுவிடவே மறந்துபோகும். ஆற்றுக்கு அப்பால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாக வேண்டும். கடைசியாக விலக்கானது எப்போது என்று தாயைக் கேட்டால், மக்காச்சோளம் முழங்கால் உயரம் நின்றபோது என்பாள். சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. எங்கள் தெருவில் சீசன் முடிந்து பட்டாசுக் கம்பெனி பூட்டிய வாரம் பிறந்தவர்களும், மழையில் திரி காயாமல் லோடு நின்றபோது பிறந்தவர்களும்தான் உண்டு. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது ஹெட்மாஸ்டர் எங்கள் எல்லோருக்கும் ஜூன் ஒன்றாம் தேதியையே பிறந்தநாளாகப் போட்டுவிட்டார். ஒரு வகுப்பே ஒரே நாளில் பிறந்தது.

அந்த ஜூன் இங்கேயும் என்னைத் தேடி வந்தது. சிவகாசி அச்சாபீஸில் வேலை பார்க்கும் என் தம்பி, இந்தப் பக்கம் வந்த ஒருவரிடம் ஒரு சாமி காலண்டரைச் சுருட்டிக் கொடுத்துவிட்டிருந்தான். சும்மா கொடுத்தானே என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டினேன். பிள்ளைகளை எடை போட வரும் பெண்களுக்கு அது பிடித்துப்போனது. யானைத்தலைக்காரர் மாசம், புல்லாங்குழல்காரர் மாசம் என்று பேச ஆரம்பித்தார்கள். ஜூனில் மயிலோடு முருகன். ஜூன் முடிந்து தாளைப் புரட்டினேன். மறுபடி ஜூன். மறுபடி முருகன். தம்பிக்குப் போன் போட்டேன்.

"ஏலே, ஜூலை எங்கலே?"

"அதான்க்கா ஆர்டரே ரிட்டனு. சீசன் அவசரத்துல ரெண்டு ஜூனச் சேத்து வச்சு மேல தகரப்பட்டி அடிச்சுட்டாய்ங்க. சாமி படம்லா, எடைக்குப் போட மனசு வரல."

"அதுக்கு ஆப்பிரிக்காவுக்கா அனுப்புவ?"

"அங்கன யாருக்குக்கா தெரியப்போவுது?"

தெரியத்தான் இல்லை. என்னோடு வேலை பார்க்கும் பண்டா என்கிற மருத்துவ உதவியாளர் மட்டும், "உங்கள் கடவுளுக்கு டூட்டியை நீட்டித்துவிட்டார்கள்" என்றார். ஜூலையை நாங்கள் ஜூனிலேயே வாழ்ந்து முடித்தோம். முப்பத்தோராம் தேதி மட்டும் தங்க இடமில்லாமல் வெளியே நின்றது.

அடுத்த மார்ச்சில், மழை வெளுத்து வாங்கிய ஒரு காலையில், சிசோமோ என்பவளுக்குப் பிரசவமானது. ஆண் பிள்ளை, என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கினான். அவளுடைய மூன்று வயது மகள் தாயின் இடுப்புத்துணியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். தகப்பன் தென்னாப்பிரிக்காவில், சுரங்க வேலையில். ஆம்புலன்ஸ் டிரைவர் வந்து, "ஆறு ஏறுகிறது. இப்போது விட்டால் பிறகு இல்லை. பெரிய பிள்ளைக்கு இடம் கிடையாது" என்றார்.

"இவளை யாரிடம் விட்டுவிட்டு வருவேன், சிஸ்டர்?" என்றாள் சிசோமோ.

கடைசியாக விலக்கானது எப்போது என்று கேட்டேன். முகம் தெளிந்து பளிச்சென்று சொன்னாள்: "உங்கள் தலைவர் பறவையோடு சுவரில் இருந்தபோது. இவளை எடை போட வந்தேனே, அன்றைக்குத்தான்."

முதல் மயில் என்றால் பிள்ளை நிறைமாசம். இரண்டாவது என்றால் ஒரு மாசமாவது குறை.

"முதல் பறவையா, இரண்டாவது பறவையா?"

என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ஒரு பறவைதான் இருந்தது, சிஸ்டர்."

வெயிலா, குளிரா என்றேன். குளிர் என்றாள். ஜூனும் ஜூலையும் இங்கே ஒரே குளிர். அப்போதுதான் பண்டாவுக்கு ஞாபகம் வந்தது. ஊசிக்கு அழுத ஒரு பிள்ளையைச் சிரிக்கவைக்க, ஊதா மருந்தைத் தொட்டு மயிலுக்கு மூக்குக்கண்ணாடி வரைந்திருந்தார். ஓடிப்போய்ப் பழைய காலண்டரைப் புரட்டினோம். கண்ணாடி முதல் மயிலுக்குத்தான்.

"பறவை கண்ணாடி போட்டிருந்ததா?" படித்த இரண்டு பேர், பச்சை உடம்புக்காரி ஒருத்தியிடம் கைகட்டி நின்று கேட்டோம்.

"இல்லை."

"அப்படியானால் இரண்டாவது!" என்று நான் கத்த, பண்டா தலையைச் சொறிந்தார். "நான் வரைந்தது மாசக் கடைசியில். அதற்கு முன்னால் முதல் பறவைக்கும் கண்பார்வை நன்றாகத்தான் இருந்தது."

டிரைவர் ஹாரனை அழுத்தினார். "பறவைக்கு வைத்தியம் முடிந்ததா?"

கை கழுவிவிட்டுப் பிள்ளையிடம் போனேன். காதை மடக்கி விட்டேன், டக்கென்று விரிந்தது. உள்ளங்காலில் கோடுகள் காய்ந்த கண்மாயின் வெடிப்புப்போலக் குதிகால் வரை ஓடின. அவன் மார்க்காம்பின் அடியில் மிளகளவு கெட்டி, அதுவும் நிறைமாச அடையாளம்தான். தாயின் மார்பில் போட்டதும் கவ்விக்கொண்டு இழுத்தான். என் கையில் இருந்த சாட்சி அவ்வளவுதான். காதும் காலும் பொய் சொல்லி நான் பார்த்திருக்கிறேன். "நீங்கள் கிளம்புங்கள்" என்றேன் டிரைவரிடம். பிள்ளை போயிருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மூட்டை அடுப்புக்கரியை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் போனது. பின்னாலேயே ஆறு பாதையை மூடியது.

ஆறு வடியும் வரை அவனைத் தாயின் நெஞ்சோடு நெஞ்சாகக் கட்டிவைத்து, அந்த மூச்சுக்குப் பக்கத்திலேயே கிடந்தேன். ஒரு மூச்சைக்கூட அவன் மறக்கவில்லை. தண்ணீர் வடிந்தபோது அவனுக்குக் கோபப்பட்டு அழவும் தெரிந்திருந்தது. கிளம்புகிற நாளில் சிசோமோ பெயர் சொன்னாள்: ஜூலை. "உங்கள் சுவரில் அந்த மாசம் இல்லையாமே, பண்டா சொன்னார். வேண்டாமென்றால் இவன் வைத்துக்கொள்ளட்டும்."

இரண்டு ஜூன் தாள்களையும் கிழித்து இப்போது என் அறையில் ஒட்டியிருக்கிறேன். கண்ணாடி போட்ட மயில் வாசலைப் பார்க்கிறது, போடாதது கட்டிலைப் பார்க்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் கேட்டாள்: "ஏட்டி, எப்பத்தான் ஊருக்கு வருவ?"

"ஜூலையில" என்றேன்.

போனைக் காதிலிருந்து எடுத்தபோது, அதில் அழுந்தி மடிந்திருந்த என் காது விரிந்தது. டக்கென்று இல்லை. மெதுவாக.