போகாத மாப்பிள்ளை

ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சுவரைத் தொட்டபடி ஏழு அடி நடந்து வந்து, அவர், கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் காதை வைக்கிறார். அதே உறுமல். "மாப்பிள்ளை இன்னும் கிளம்பல" என்று முணுமுணுத்துவிட்டு அடுத்த பிளக்கைத் தேடிப் போகிறார். அந்த வீட்டின் ஸ்விட்சுகள் அவருக்கு விரல்நுனியில் அத்துப்படி. மனைவியின் நகப்பூச்சை எடுத்து மின்விசிறிக்கு ஒரு புள்ளி, மோட்டாருக்கு இரண்டு என்று தடவத் தடவத் தெரிகிற மாதிரி அவரே வைத்துக்கொண்டார். பிறந்ததிலிருந்தே அவருக்குப் பார்வை கிடையாது.

டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்கிற குறிப்புகளைக் கேட்டு டைப் அடிப்பது தொழில். அடித்ததைக் கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டும். அதுவும் ஸ்பீக்கர் வழியாகத்தான். மூன்று வாரமாக அதில் இந்த உறுமல், விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. மெல்லப் பேசுகிற டாக்டரின் கடைசி வார்த்தைகளை அது விழுங்கிவிடுகிறது. மருந்தின் அளவில் இரண்டு தடவை தவறு வந்தாயிற்று. மேலாளர் அம்மா தங்கமான மனுஷிதான், ஆனால் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாயிற்றே! வெள்ளிக்கிழமைக் கோப்பிலும் தவறு வந்தால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். இன்று வியாழன்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் புது ஸ்பீக்கர் வாங்கச் சொன்னார். இவர் வாங்கினார், மாப்பிள்ளை அதிலும் வந்தார். வயரை மாற்றினார், மேசையை நகர்த்தினார், ஒன்றும் நடக்கவில்லை. அப்படியானால் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள் என்றார் கடைக்காரர். எட்டு மாதக் குழந்தையை வீட்டில் பார்த்துக்கொள்வது இவர்தான். மனைவி பள்ளி நூலகத்தில் வேலை. "காதை அடைச்சுக்கிட்டா பாப்பா அழுறது எனக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிட்டார். இன்னொருவராக இருந்தால் தலைவிதி என்று விட்டிருப்பார். இவர் விடாக்கண்டர். சத்தம் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு வீடு இருந்தே ஆகவேண்டும் என்பது அவர் கட்சி.

மாலையில் மனைவி வந்ததும் அவளையும் சேர்த்துக்கொண்டார். செல்போன் சார்ஜர் போயிற்று, மிக்ஸி போயிற்று, மின்விசிறியும் நின்றது. வேறு என்ன ஓடுகிறது என்று கேட்டார். வீடு முழுக்கப் பார்த்துவிட்டு, எதுவுமே ஓடவில்லை என்றாள். அவள் சொன்னதில் பொய்யில்லை. உறுமலும் போகவில்லை. வேர்த்து விறுவிறுத்து நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு அப்போதுதான் முதன்முதலாகப் பயம் வந்தது.

குழந்தை சிணுங்கியது. தூங்க வைக்க அவள் எழுந்து போனாள். சட்டென்று உறுமல் நின்றது.

"இப்ப நீ என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலையே. லைட்டை அணைச்சேன், அவ்வளவுதான்."

மேசைக்குப் பக்கத்தில் ஒரு குண்டு பல்பு விளக்கு. குழந்தையின் கண் கூசாமலிருக்க, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் திருகை அவள்தான் மூன்று வாரத்துக்கு முன் அதில் மாட்டி, பாதி வெளிச்சத்தில் வைத்திருந்தாள். பகலிலும் அது எரிந்துகொண்டிருந்தது. விளக்கு என்ற ஒன்றை அவர் எண்ணியதே இல்லை. விளக்கும் ஒரு சாமான் என்று அவளுக்கும் தோன்றவில்லை. மறுபடி போட்டுப் பார்த்தார்கள். உறுமியது. அணைத்தார்கள். கப்சிப். பாதியில் நிற்கிற அந்தத் திருகு மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுவதுதான் ஸ்பீக்கரில் உறுமியிருக்கிறது.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கு எதுக்கும்மா பகல்ல லைட்டு?"

அவள் சிரிக்கவில்லை. "யாராவது வந்து பார்த்தா, பாவம், இருட்டுல உக்கார வச்சிட்டுப் போயிட்டாள்னு நினைப்பாங்க. எனக்கு அது தாங்காதுங்க" என்றாள். இனிமேல் போடமாட்டேன் என்றும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமைக் கோப்பை முதலிலிருந்து கேட்டார். டாக்டர் மூச்சு வாங்குவதுகூடத் துல்லியமாக வந்தது. ஏற்கனவே அடித்து வைத்திருந்ததில் இரண்டு இடத்தில் அளவு தவறாக இருந்தது. திருத்தினார், இன்னொரு தடவை கேட்டார், அனுப்பிவிட்டு நிமிர்ந்தார்.

பிறகு அந்த விளக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு வாசல் அறைக்குப் போனார். வருகிறவர்கள் கண்ணில் படும்படி தெருப்பக்கத்து ஜன்னலோரம் வைத்து, தடவிப் பார்த்துப் பிளக்கைச் செருகி, திருகை முழு வெளிச்சம்வரை திருப்பினார். பல்புக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு, அதில் சூடு ஏறும்வரை அங்கேயே நின்றார்.