பல்செட்காரரின் கத்தி

பல் டாக்டர் பல்லைப் பிடுங்குவதோடு சரி. பிடுங்கிய இடத்தில் உட்காரப்போகும் பல்செட்டைச் செய்வது கிளினிக்கின் பின்னறையில் இருக்கும் நம் ஆள்தான். தான் செய்த பல்செட் யார் ஈறையாவது குத்திவிடுமோ என்பதே அவருடைய வாழ்நாள் கவலை. செய்து முடித்ததும் விளிம்பு முழுக்கக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். துளி உறுத்தினாலும் மெருகுச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்துவிடுவார். இப்பேர்ப்பட்ட மனுஷனுக்குப் போய்க் கத்தி செய்யும் ஆசை வந்தது. எல்லாம் போனில் பார்த்த வீடியோ செய்த வேலை.

பழைய இரும்புக் கடையில் ஒரு தேய்ந்த அரத்தை வாங்கி வந்தார். கிளினிக்கில் ஒதுக்கிப் போட்ட மெருகுச் சக்கரம் ஒன்றையும் பால்கனியில் கொண்டுவந்து வைத்தார். அங்கேயே பெயின்ட் டப்பாவை அடுப்பாக்கிக் கரி மூட்டினார். அரத்தைச் சுட்டு, சாம்பலிலேயே ஆறவிட்டு, இளகிய இரும்பை ராவி ராவிக் கத்தியாக்கினார். பிறகு காந்தம் ஒட்டாத அளவுக்கு அதை மறுபடியும் காய்ச்ச வேண்டும். அந்தச் சோதனையில் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த காந்த வாத்து உருகி உயிரை விட்டது. கடைசியாகக் கத்தியைச் சமையல் எண்ணெயில் முக்கினார். கொடியில் காய்ந்த துணியெல்லாம் பொரித்த வாசனை அடித்தது.

மனைவி அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை என் தம்பி வர்றான். அவன் முன்னாடி அந்தக் கத்தி ஒரே ஒரு தக்காளியை வெட்டணும். வெட்டலைன்னா பால்கனில இருக்கற அத்தனையும் பழைய இரும்புக் கடைக்குப் போயிடும். உங்களையும் சேர்த்து எடுத்துப்பாங்களான்னு கேட்டுப் பார்க்கறேன்."

வீட்டில் அவருக்கென்று இருந்தது அந்தப் பால்கனி மூலை மட்டும்தான். அங்கே நிற்கும்போதுதான் யாருடைய வாயும் அவர் நினைவுக்கு வராது.

பிடிக்கு மரம் செதுக்க அவருக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஈறு. அதனால் ஈறு செய்யும் ரோஸ் நிறப் பிளாஸ்டிக்கையே எடுத்துக்கொண்டார். மனைவி போனில் பேசிக்கொண்டிருந்த சமயம் பார்த்து, பல் அச்சு எடுக்கும் மாவை உருட்டி அவள் கையில் வைத்து, "கொஞ்சம் இறுக்கிப் பிடி" என்றார். பேச்சு சுவாரஸ்யத்தில் அவளும் பிடித்தாள். காய்கறி நறுக்கும்போதெல்லாம் விரல் வலிக்கிறது என்று அவள் கையை உதறுவதை அவர் பார்த்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். பைக்கிலிருந்து விழுந்து முன்பற்களைத் தொலைத்தவன். இப்போது அவன் வாயில் இருப்பது அத்தானின் கைவேலை.

"என்ன அத்தான், கத்தி ஈன்னு இளிக்குது?"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. தக்காளியில் கத்தியை வைத்து அழுத்தினார். தக்காளி நசுங்கியது, வழுக்கியது, சோபாவுக்கு அடியில் உருண்டு ஓடியது.

"இரு மாப்ளே, கொஞ்சம் தீட்டிட்டாப் போதும்."

பால்கனிக்கு ஓடினார். அக்காவும் தம்பியும் பின்னாலேயே போனார்கள். சாணைக்கல்லில் சர்சர்ரென்று தீட்டினார். கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். முகம் சுளித்தது. அடுத்த நொடி கத்தி மெருகுச் சக்கரத்தில் இருந்தது.

"நில்லுங்க! தீட்டினதை எதுக்கு மறுபடியும் தேய்க்கறீங்க?" என்றாள் மனைவி.

"குத்துதே!" என்றார் அவர்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. தம்பி சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்றுவிட்டது. அதை மாட்டிக்கொண்டு, சோபாவுக்கடியில் கிடந்த தக்காளியைக் கழுவிக் கடித்தான்.

"உங்க கத்தி வெட்டாததை உங்க பல்லு வெட்டுது அத்தான்!"

அவர் அரங்களைப் பொறுக்கிச் சாக்கில் போட ஆரம்பித்தார். பாவமாக இருந்தது.

மனைவி கத்தியை எடுத்துப் பார்த்தாள். பிடித்தாள், விட்டாள், மறுபடியும் பிடித்தாள். ஒவ்வொரு விரலும் அதனதன் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. எங்கேயும் வலிக்கவில்லை. விறுவிறுவென்று சமையலறைக்குப் போனவள் தன் பழைய கத்தியோடு திரும்பினாள்.

"இந்தப் பிடியைக் கழட்டி இதுல போட்டுக் கொடுங்க."

"அப்போ பால்கனி?"

"பின்ன, கட்டில்ல உட்கார்ந்தா செய்வீங்க? சாக்கைக் கொட்டுங்க."

சொல்லிவிட்டு, தன் பழைய கத்தியின் அலகை ஒரு துணியால் சுற்றி, நூல் போட்டு இறுக்கி முடிச்சிட்டாள்.

"அத்தான் கையைக் கிழிச்சுக்குவாருன்னு பயமாக்கா?" என்றான் தம்பி.

"அவர் கைக்கு என்னடா? எனக்குக் கத்தியை நினைச்சாத்தான் பயமா இருக்கு."