இறால் பிடிக்காத களப்புக்கு முழுப் புள்ளி

“களப்பின் நிலை: பச்சை” என்று திரையில் வந்ததும் மண்டபத்தில் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பச்சைக்கு அளவெடுத்தவள் நான்தான்.

போர் முடிந்து சில மாதங்கள். ஒரு பிரதேசத்தின் சுற்றாடல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்று அளந்து, சிவப்பு, மஞ்சள், பச்சை கொடுக்கும் திட்டத்தில் கள உத்தியோகத்தராக இருந்தேன். தண்ணீரின் உப்பு, ஆக்சிஜன், கரைச் சேற்றில் வளரும் கண்ணாக் காட்டின் பரப்பு, வயலிலிருந்து வரும் உரம், மீன்பிடி அழுத்தம் எல்லாம் சேர்ந்து ஒரு இன்டெக்ஸ்.

குருக்கள்மடத்தில் கடலோடு சேரும் அந்த உப்புநீர்க் களப்புக்குள் என்னைத் தோணியில் ஏற்றிப்போனவர் யோகன் அண்ணன், அங்குள்ள மீனவர் சங்கத் தலைவர். பழைய தோணியைச் சுனாமி கொண்டுபோயிருந்தது. நிவாரணத்தில் கிடைத்த புதியதும் பெரும்பாலும் கரையில்தான் கிடந்தது. பொழுதுபட்டபின் களப்பில் இறங்கக் கூடாது என்ற போர்க்காலத் தடையை இராணுவம் இன்னும் எடுக்கவில்லை.

“பகல்ல போய் இறால் புடிக்கட்டாம். இருட்டினாத்தான் இறால் ஓடும் எண்டு அவங்களுக்கு ஆர் கா சொல்றது, புள்ள?” என்றார்.

மீட்டரை இறக்கினேன். எல்லாம் நல்லபடியாகக் காட்டியது. காட்டாமல் என்ன செய்யும்? கரடியனாற்றுப் பக்கம் போரால் வட்டை வட்டையாக வயல் தரிசாகக் கிடந்தது, உரம் எங்கிருந்து வரும்? கண்ணாக் காட்டுக்குள் விறகுக்குப் போக ஒருவருக்கும் துணிவில்லை. சனத்தை அடைத்துவைத்தால் மரம் நன்றாகத்தான் வளரும்.

எங்கள் அளவுகளை வைத்து எழுதிய அறிக்கையின் கடைசி வரியைப் பார்த்தேன். இரவு மீன்பிடித் தடையைச் சுற்றாடல் பாதுகாப்புக்காகத் தொடரலாமாம்! திட்டப் பணிப்பாளரிடம் போனேன்.

“சேர், இந்தச் சனத்த ராவில இறங்க விடல்ல. அதாலதான் மீன்பிடி அழுத்தம் குறைவு.”

“உங்கட ரீடிங் பிழையா?”

“ரீடிங் சரி, சேர்.”

“பிறகென்ன? இன்டெக்ஸ் காரணம் கேக்காது, மிஸ்.”

திரையில் பச்சை வந்த அந்த வெளியீட்டு விழாவில், களப்பைக் காத்த சமூகத்தின் சார்பில் என்று யோகன் அண்ணனை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் மைக்கைப் பிடித்தார்.

“ஐயா, பச்சை எண்டா நல்லதுதானே? அப்ப இனி ராவைக்கு வலை போட விடுவீங்களா?”

“வலை போட்டா பச்சை போயிடுமே, தலைவர்!” என்றார் பணிப்பாளர். முன்வரிசை சிரித்தது. யோகன் அண்ணன் பொன்னாடையை மடித்து மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

நான் எழுந்து, அந்த அறிக்கையில் என் பெயர் வேண்டாம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பெயரை எடுத்தார்கள். கடைசி வரி அப்படியே இருந்தது.

இன்று அளவெடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். எண் குறைந்து வந்தால் சந்தோஷப்படுமுன், குறைத்தது யார் என்று அங்குள்ளவர்களிடம் கேளுங்கள். அந்தப் பதிலையும் எண்ணோடு சேர்த்து அனுப்புங்கள். அதை வெட்டினால் சண்டை பிடியுங்கள்.

யோகன் அண்ணன் தோணியை விற்றுவிட்டுக் கல்முனைக்கு மேசன் கூலியாகப் போனார். எங்கள் இன்டெக்ஸின்படி, மீன்பிடி அழுத்தம் மேலும் குறைந்தது.