உயிரோடிருந்தவருக்கு ஊற்றிய பால்

வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்ததும் அவர் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டுப் பையை எடுக்கலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் நின்றேன். செத்தவருக்குப் புண் கட்ட முடியாது. ஆனால் அழுகைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அதனால் பையோடு உள்ளே போனேன்.

படுத்த படுக்கையாகக் கிடக்கும் வயதானவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற நர்ஸ் வேலை எனக்கு. இலுப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீடாகப் போவேன். புண்ணுக்கு மருந்து கட்டுவேன், மூத்திரப் பை மாற்றுவேன், பிரஷரும் சர்க்கரையும் பார்ப்பேன். மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டு ரிஜிஸ்டரில் டிக் அடிப்பேன். இந்த வீட்டுக்காரர் முப்பது வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். எழுபத்திரண்டு வயது. ஐந்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும். ஒரே மகன் சிங்கப்பூரில். பார்த்துக்கொள்வது அவர் மனைவி ஒருத்திதான்.

உள்ளே கட்டிலைத் திருப்பிப் போட்டு, தலையைத் தெற்கே வைத்து அவரை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்து ஸ்டூலில் ஒரு டம்ளர் பால், அதில் ஒரு ஸ்பூன். சொந்தக்காரர்கள் சுவரோரமாக வரிசையில் நின்றார்கள். ஒருவர் குனிந்து ஒரு ஸ்பூன் ஊற்றிவிட்டு நகர, அடுத்தவர் வந்தார். அவருடைய தம்பி தலைமாட்டில் நின்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெண் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். வீடியோ காலில் மகன் அழுதுகொண்டிருந்தான்.

அவர் தொண்டையில் களகளவென்று சத்தம். கடைவாயில் பால் நுரைத்து வழிந்து காதுக்குள் இறங்கியிருந்தது.

தம்பி என்னைப் பார்த்து, "வாங்க சிஸ்டர். நேத்து சாயந்தரத்துலேருந்து பேச்சில்ல. காலையில நாடி பாக்குறவரு வந்து பாத்துட்டு, இன்னைக்குத் தாங்காதுன்னுட்டாரு. எல்லாரும் பால் ஊத்திக்கிட்டு இருக்கோம். நீங்களும் பாத்துக்கிட்ட புள்ள. வந்து ஒரு ஸ்பூன் ஊத்துங்க" என்றார்.

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். என்னையும் வீட்டுப் பிள்ளையாக நினைத்துத்தான் கூப்பிட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கொதிக்கிறது. மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற ஒரு மனிதரின் மூச்சுக்குழாயில் இருபது பேர் பாசத்தோடு பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

டம்ளரைப் பிடுங்கி ஜன்னல் திட்டில் வைத்தேன். பாதிப் பால் என் சேலையில் கொட்டியது.

"இனிமே ஒரு சொட்டு ஊத்தக் கூடாது. தள்ளுங்க எல்லாரும்."

அவரை ஒருக்களித்துப் புரட்டினேன். வாயிலிருந்து பால் பொலபொலவென்று தலையணையில் கொட்டியது. விரலில் துணியைச் சுற்றி வாயைத் துடைத்து எடுத்தேன். பல்செட்டைக்கூட யாரும் கழற்றியிருக்கவில்லை. சட்டை தொப்பலாக நனைந்து உடம்பு ஜில்லென்று இருந்தது.

"உசுரு போற வேர்வை அது" என்றது பின்னால் ஒரு குரல்.

எனக்கு அந்த வேர்வையைத் தெரியும். விரலைத் துடைத்து ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினில் வைத்தேன். சர்க்கரை முப்பத்திநாலு. நிற்கிற ஆளுக்கு இந்த அளவு இறங்கினால் அவரும் விழுந்துதான் கிடப்பார்.

மூலையில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் போனேன். "அம்மா, ஐயா என்ன சாப்புட்டாரு?"

"மூணு நாளா ஒண்ணும் எறங்கல தாயி. ரெண்டு வாய் கஞ்சி குடிப்பாரு, பொரை ஏறிரும். துப்பிருவாரு."

"சர்க்கரை மாத்திரை?"

"அத விடவே இல்ல. பொடிச்சுத் தண்ணியில கரைச்சுக் குடுத்துட்டேன். நீங்கதான சொன்னீங்க, என்ன ஆனாலும் மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்கன்னு."

நான்தான் சொன்னேன். போன வாரம், இதே வீட்டில், ரிஜிஸ்டரைத் தொடையில் வைத்துக்கொண்டு சொன்னேன். சாப்பிடாத அன்றைக்கு அந்த மாத்திரையைக் கொடுக்கக் கூடாது, உடனே எனக்குப் போன் பண்ணுங்கள் என்று சொல்லவில்லை. அந்த அம்மா நான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்திருந்தார்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். தம்பி குறுக்கே வந்தார்.

"எதுக்குங்க சிஸ்டர் ஆம்புலன்ஸு? அஞ்சு மாசமா கெடந்து சீரழிஞ்சாச்சு. இப்ப நல்லபடியா போறாரு. மறுபடி இழுத்துட்டு வந்து கெடக்க வைக்கப் போறீங்களா?"

"அவரு சாகலைங்க. சர்க்கரை எறங்கிக் கெடக்குறாரு. நரம்புல குளுக்கோஸ் ஏத்துனா முழிச்சுக்குவாரு."

"ஆஸ்பத்திரியில போயி அனாதையா போகணுமா அவரு? வீட்டுல வச்சு அனுப்புறதுதான் மரியாத."

"அவருகிட்டக் கேட்டீங்களா?"

"அவருகிட்ட என்னத்தக் கேக்குறது?"

இதற்கு நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுசாக ஞாபகம் இல்லை. நாடி பார்த்தவர், இவர் சோறு தின்றாரா என்று கேட்டாரா, நீங்கள் யாராவது இந்த ஐந்து மாதத்தில் ஒரு தடவை இவரைப் புரட்டிப் படுக்க வைத்தீர்களா, பால் ஊற்ற மட்டும் வரிசையில் வருகிறீர்களே என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. போனில் மகன், "என்ன சத்தம்? என்ன சத்தம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

அந்த அம்மா எழுந்து வந்தார். கொழுந்தனாரை ஏறிட்டுப் பார்க்காத மனுஷி, அன்றைக்கு அவரைத் தாண்டி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"வண்டி வரட்டும். நான் ஏறிப் போறேன் அவரோட" என்றார்.

வண்டி வருவதற்கு அரை மணி நேரத்துக்குமேல் ஆனது. அதுவரை அவரை ஒருக்களித்தபடியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரிசையில் நின்றவர்கள் வாசலுக்குப் போய், நர்ஸுக்கு வாய் நீளம் என்று பேசினார்கள். வண்டியில் வந்தவர் கையில் நரம்பைத் தேடி ஊசி வழியாகக் குளுக்கோஸை ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் கண் இமை அசைந்தது. பிறகு கண்ணைத் திறந்து மனைவியைத் தேடினார். வாசலில் ஒருத்தி சாமி பேரைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது.

மாத்திரையின் வேகம் அடங்காமல் சர்க்கரை இரண்டு நாள் இறங்கி இறங்கி ஏறியது. அதைவிடப் பால்தான் படுத்தியது. நெஞ்சுக்குள் போய்ச் சளி கட்டிக் காய்ச்சல் வந்து, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்து வீடு வந்தார்.

அடுத்த முறை நான் போனபோது அவராகவே பேசினார். ஒவ்வொரு வார்த்தையாக இழுத்து, எச்சில் வழிய.

"பாதி... கேட்டுச்சு. கத்தணும்னு இருந்துச்சு. வாய் வரல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "தம்பிதான் மொத ஊத்துனான்" என்றார்.

அன்று நான் ரிஜிஸ்டரைத் திறக்கவில்லை. மூன்று தலையணையை முதுகுக்குக் கொடுத்து அவரை நிமிர்த்தி உட்கார வைத்தேன். தாடையை லேசாகக் கீழே குனிய வைத்து, நல்ல பக்கமான இடது கன்னத்தில் கெட்டியான கஞ்சியைச் சின்ன ஸ்பூனில் வைத்தேன். முழுங்கின பிறகுதான் அடுத்த ஸ்பூன். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் அப்படியே உட்கார வேண்டும். இரண்டு மணிக்கொரு தடவை பக்கம் மாற்ற வேண்டும். பல்செட்டைக் கழற்றிக் கழுவ வேண்டும். அந்த அம்மாவைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்றேன். ஒரு கிண்ணம் கஞ்சி புரை ஏறாமல் இறங்கியது.

அந்த அம்மா காலிக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இம்புட்டுத்தானா தாயி? இத ஏன் மொதல்லயே யாரும் சொல்லல? படுக்க வச்சே ஊத்திக்கிட்டு இருந்தேனே. நான்தான் கொல்லப் பாத்தனா?"

"நீங்க இல்லம்மா" என்றேன். முதல் ஆஸ்பத்திரியில் அவரை வீட்டுக்கு அனுப்பியபோது மூன்று பக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். எப்படிச் சோறு ஊட்டுவது என்று ஒருவரும் ஒரு நிமிஷம் செலவழிக்கவில்லை. அதற்குப் பிறகு, என் ரிஜிஸ்டரில் அவர் பேர் ஏறியதிலிருந்து எட்டு வாரம் நான் போனேன். நானும் செலவழிக்கவில்லை.

மாதாந்திரக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். மாத்திரை போட்டாரா என்று டிக் அடிக்க இடம் இருக்கிறது, சாப்பிட்டாரா என்று எழுத இடம் இல்லையே என்று. மேலதிகாரி பேப்பரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அது நம்ம ஃபார்மட்ல இல்லம்மா. டைம் ஆச்சு, அடுத்த பாயிண்டுக்குப் போவோம்" என்றார். பக்கத்தில் இருந்த சிஸ்டர் என் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். இப்போது ஓரத்தில் கிடைக்கிற இடத்தில் பேனாவால் எழுதிவிடுகிறேன். ரிஜிஸ்டரை அசிங்கம் பண்ணுவதாக இரண்டு முறை மெமோ வந்திருக்கிறது.

அவர் இருக்கிறார். முதுகுப் புண் ஆறிவிட்டது. நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்காருகிறார். தம்பி வாரா வாரம் பழம் வாங்கிக்கொண்டு வருகிறார், கட்டில் பக்கம் நின்று, "அண்ணே, அண்ணே" என்று கூப்பிடுகிறார். அண்ணன் கண்ணை மூடிக்கொள்வார். போன வாரம் நான் இருக்கும்போதே வந்து, "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சிஸ்டர், நீங்க சொன்னாக் கேப்பாரு. வேணும்னா செஞ்சோம்? அறியாமச் செஞ்சதுதானங்க" என்று கண்கலங்கினார்.

அறியாமல் செய்ததுதான். நானும் அறியாமல்தான் செய்தேன். அதை நான் முன்னாடியே அண்ணனிடம் சொல்லிவிட்டேன், அவர் கையைப் பிடித்துக்கொண்டு. தம்பிக்காக நான் எதுவும் சொல்வதாக இல்லை.

"நீங்களே சொல்லுங்க. காது நல்லாக் கேக்குது அவருக்கு" என்று சொல்லிவிட்டு, புண் ஆறின இடத்தில் எண்ணெய் தடவ அவரைச் சுவர்ப் பக்கமாகப் புரட்டினேன்.